கூடைக்கு முன்னால்

மங்களேஸ்வரி குப்பைக்கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆசிரியர் வல்லிநாயகம் அண்ணாச்சி ஒதுக்கும் ஒவ்வொரு செய்தியின் முதுகிலும் காரணத்தை எழுதிப் போடுவார். அவள் எடுத்து அடுக்குவாள். ‘இடமில்லை.’ ‘ஆறிப்போனது.’ ‘சண்டை வரும்.’ அமெரிக்காவில் ஒருவர் இப்படித்தான் ஓர் ஆசிரியரை ஆராய்ந்தாராம். செய்திக்கு ஒரு வாசல் உண்டு, அதில் ஒரு காவலாள் உண்டு என்பது கோட்பாடு. எங்கள் தென்காசி வாரப் பத்திரிகைக்குக் காவலாள் அண்ணாச்சி. அவள் வந்ததிலிருந்து சலவைச் சட்டை போட்டு வருகிறார்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்தபோது, ஆய்வகத்தில் என் அளவுகளைப் பார்த்து எழுதியவள் இந்த மங்களேஸ்வரி, எனக்கு மங்கை. அவள் பத்திரிகை ஆராய்ச்சிக்கு மதராசு போனாள். நான் இங்கே தபால் பிரிக்க வந்தேன். பிரிப்பது மட்டுமல்ல, வருவதில் பாதியை நானே கிழித்துவிடுவேன். கோள்மூட்டும் கடிதம், கல்யாண வாழ்த்து, கவிதை. மிச்சம்தான் அண்ணாச்சி மேஜைக்குப் போகும். வடிகட்டிய தண்ணீரைச் சோதித்துவிட்டு அவள் ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். ‘காவலாள்’ என்று அவள் எழுதும்போதெல்லாம் அது என் இடம் என்று நெஞ்சு எரிந்தது.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். “அண்ணாச்சிக்கு முன்னால யாரு பாக்கான்னு எழுத வேண்டாமா?”

“நீ தபால் கவர வெட்டிக் குடுக்கே. அதுக்கு என்னட்டி கோட்பாடு?” சிரித்தபடி என் புளிச்சோற்றில் கை வைத்தாள்.

மறுநாள் நான் எதையும் கிழிக்கவில்லை. புளியங்குடி எலுமிச்சை விலை, கடையத்து மாமியார் மருமகள் சண்டை, வடகரைக்காரர் பேரன்மேல் பாடிய வெண்பா, எல்லாம் மேஜைக்குப் போயின.

அண்ணாச்சி காரணம் எழுதி எழுதிக் கையை உதறினார். “என்னம்மா, ஊரு பூரா இன்னைக்குத்தான் பேனா வாங்கிச்சா?”

மங்கையின் முகம் சுண்டியது. இத்தனை நாள் ஒழுங்காக வந்த கணக்கு கலைந்துவிட்டது. “ஏட்டி வடிவு, என்ன ஆச்சு? நாளைக்கு நான் ரயில் ஏறணும். புரொபசர்ட்ட என்ன சொல்லுவேன்?”

இப்போது சொல்லலாம். சொன்னால் அவளுடைய ஆராய்ச்சியில் எனக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சி அப்புறமும் அவளுடையதாகத்தான் இருக்கும்.

“சீசன்லா,” என்றேன். “குத்தாலத்துக்கு வாரவுக எல்லாரும் எழுதிப் போடுதாவ.”

அவள் பென்சிலை எடுத்தாள். எழுதப் போனவள் நிறுத்தினாள். அச்சுக்குப் போக வேண்டிய முதல் பக்கம் அவள் முழங்கையடியில் கிடந்தது. ஆடி பிறந்தும் சாரல் இல்லை, அருவிப் பாறை காய்கிறது என்று தலைப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கவர் வெட்டும் கத்தரிக்கோல் அதில் திறந்தபடி இருந்தது.