காட்டுப்பன்றிக்கு வாங்கிய பாட்டு

ஓசிப் பாட்டு கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாட்டு வேண்டுமா, காசு கொடுத்து வாங்கு. வேளாண்மை உதவி அலுவலராகக் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த பிறகும் இந்தக் கொள்கையை நான் விடவில்லை. கண்ணாயி அக்காவின் மரவள்ளிக் காட்டுக்கென்று செண்டை மேளப் பாட்டு வாங்கியபோதுகூடப் இணையத்தில் பணம் கட்டித்தான் இறக்கினேன். அதிலும் உயர்ந்த ரகம், ஒரு தட்டுகூட மங்காத ஒலி.

காட்டில் பாதியைப் பன்றிகள் தோண்டித் தின்றிருந்தன. மிச்சக் கிழங்கு லாரி ஏறினால்தான் மகள் கோகிலாவுக்குக் காலேஜ். அக்கா ஏற்கெனவே காட்டில் பாட்டுப் பெட்டி வைத்திருந்தார். பன்றிகள் சினிமாப் பாட்டுக்குப் பழகி, கேட்டுக்கொண்டே சாப்பிட ஆரம்பித்துவிட்டன. செண்டை அதிர்ந்தால் ஒரு பன்றியும் நிற்காது என்று அடித்துச் சொல்லி, பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போய்க் கேட்டால், செண்டை ஒலிக்கவே இல்லையாம். நான் வாங்கிய உயர்ந்த ரக ஃபைல் எம்பி3 இல்லை; அந்த மலிவுப் பெட்டிக்கோ எம்பி3 தவிர வேறெந்த ரகமும் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "ஃபைல் நாட் சப்போர்ட்டட்" என்று விடிய விடியக் கத்தியிருக்கிறது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சேந்தமங்கலத்துக்குப் போய் எம்பி3 ஆக மாற்றி வருகிறேன் என்று கையை நீட்டினேன்.

அக்கா பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டார். "வேண்டாங்க சார். அந்தம்மா போட்ட சத்தத்துல ஒரு பன்னிகூடக் கிட்ட வரலீங்க. யாரு வையறாங்கன்னே அதுகளுக்குப் புரியலீங்க."

கிழங்கு முழுசாக லாரி ஏறியது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய மேளத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

விஷயம் ஊரில் பரவ, பக்கத்துக் காட்டு அப்பாசாமி அக்காவிடமிருந்து அதே பாட்டைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். அவருடையது மகன் வாங்கித் தந்த புதுப் பெட்டி, எந்த ரகத்தைக் கொடுத்தாலும் பாடும். இரண்டு நாள் கழித்து முகம் தொங்கிப்போய் ஆபீசுக்கு வந்தார்.

"ஏனுங்க சார், எம் பொட்டியில அந்தம்மா பேசவே மாட்டேங்குது. மேளம்தான் அடிக்குது. காட்டுல ஒரு ஓரமே போச்சுங்க."

பாவமாகத்தான் இருந்தது. பெட்டியை ரிப்பேர் செய்ய முடியாது, அதில் ரிப்பேரே இல்லை என்று விளக்கினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் மேளத்தைக் கேட்ட முதல் மனிதர் எதிரே நிற்கிறார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பாசாமி யோசித்தார். "பன்னிகளுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க."