கட்டேய்

திருப்பதிக்கு இரண்டு பருவங்கள். ஒன்று வெயில். மற்றது, அந்த வெயில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வெயிலுக்குத் தயாராவது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடிக்கு, குளிர்விக்கவும் செய்யும், கேட்டால் திரும்பி நின்று சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் சில்லர் ஒன்றைப் பரிந்துரை செய்த ஆலோசகர், அநேகமாக சிம்லாவில் தேனிலவை முடித்துக்கொண்டு நேராக வேலைக்கு வந்தவராக இருக்க வேண்டும்.

ஹோட்டலுக்கு இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. பெயரில் எத்தனை ‘ஏ’ போடுவது என்று எண் கணித ஜோசியர் முடிவு சொல்லவில்லை. மெஷினை கிரேனில் தூக்கி வைத்துவிட்டார்கள். குழாய் போட்டவர்கள் போய்விட்டார்கள். குழாய்க்குக் கறுப்புப் போர்வை சுற்றியவர்களும் போய்விட்டார்கள். கடைசியாகத் தரணி வந்தான்.

கன்ட்ரோல் வயரிங்காரன் எப்போதும் கடைசியில்தான் வருவான். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி. தரணிக்கு நாற்பத்தேழு வயது. நகரிக்குப் பக்கத்தில் எல்லையோரக் கிராமம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எழுதியது தெலுங்கு. இப்போது குடியிருப்பது சித்தூரில், கம்பெனி அங்கே இருப்பதால்.

நீளமான கேபிளில் எந்தக் கம்பி எது என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். இந்த முனையில் ஒருவன் தொட, அந்த முனையில் ஒருவன் மீட்டரைப் பார்த்து “வந்துடுச்சு” என்று சொல்ல வேண்டும். கம்பெனி தரணிக்கு அந்த இரண்டாவது ஆளைக் கொடுத்ததே இல்லை. அதனால் அவன் மாடியில் ஒரு கம்பியை எர்த்தில் முடுக்கிவிட்டு, ஆறு மாடி இறங்கி, கீழே மீட்டரை வைத்துப் பார்த்து, தனக்குத்தானே “வந்துடுச்சு” என்று சொல்லிக்கொண்டு, மறுபடி ஆறு மாடி ஏறி அடுத்த கம்பிக்குப் போவான். இருபத்திரண்டு வருடம். லிஃப்ட் வேலை செய்யத் தொடங்குவதற்குள் அவன் வேலை முடிந்துவிடும்.

மத்தியானம் மெஷின் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வீடியோ கால் வரும். மனைவி மணியம்மா பெங்களூரில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூணு மாசம் இருந்துட்டு வரேன் என்று போனவள். பதினாலு மாதம் ஆகிவிட்டது.

“துன்னியா?”

“துன்னுக்கினுதான் கீறேன்.”

“இன்னா?”

“இட்லி.”

“நேத்தும் அதான் சொன்னே.”

“நேத்தும் அதான் துன்னேன்.”

“இரு, பாப்பாவைப் பாரு.”

அப்புறம் திரை முழுக்கக் குழந்தையின் ஒரு காது. இரண்டு பக்கத்தாரும் அந்தக் காதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு சிக்னல் போய்விடும்.

இந்தத் தடவை அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. மெஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு சர்டிஃபிகேட் எழுதுவார்கள். அதில் ‘இயக்கி வைத்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் தரணி ஓட்டிய மெஷின்களுக்கு வேறு யாராவது கையெழுத்துப் போட்டு வந்தார்கள். சமீப வருடங்களில் அந்த யாராவது, பவன்குமார்.

பவன்குமார் விஜயவாடாப் பக்கத்துக்காரர். விசிட்டிங் கார்டில் ‘வைஸ் பிரெசிடெண்ட், தெர்மல் கம்ஃபர்ட்’. சித்தூர் ஆபீஸில் அவரையும் சேர்த்து மூன்று பேர்: அவர், டீ போடும் செங்கம்மா, ஒரு பிரிண்டர். செங்கம்மாவுக்கு யார் பிரெசிடெண்ட் என்று ரொம்ப நாளாகச் சந்தேகம். தரணி ஊர் ஊராகத் திரிவதால் அவனை அவர் ஆபீஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் இந்த முறை, தன் வாயால், “ஈசாரி சர்டிஃபிகேட்லோ நீ பேரே”, சர்டிஃபிகேட்டில் உன் பேர்தான், என்று சொல்லியிருந்தார். தரணி அதை மணியம்மாவிடம் சொன்னான். அவள், “பேரு போட்டா இன்னா தருவாங்க?” என்றாள். “பேரு போடுவாங்க” என்றான்.

திறப்பு விழா நாள். கீழே ஹாலில் தலைமை விருந்தினர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், புவி வெப்பமாதல் பற்றிப் பேச வந்திருந்தார். மேலே, காலை பத்தே முக்காலுக்கு, மெஷின் ஃப்ளோ அலாரம் காட்டி நின்றது.

தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மெஷினை ஓடவிடாமல் தடுப்பதற்குக் குழாயில் ஒரு ஃப்ளோ ஸ்விட்ச் உண்டு. உள்ளே ஒரு சின்னத் துடுப்பு, தண்ணீர் தள்ளினால் சாயும். சாய்ந்தால் இரண்டு கம்பியும் சேரும். சேர்ந்தால்தான் மெஷின் ஓடும். இப்போது துடுப்பு சாயவில்லை. குழாய்க்காரர்கள் உள்ளே என்னென்ன விட்டுவிட்டுப் போனார்களோ, வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தரணிக்குத் தெரிந்தது. சித்தூருக்கு, பவன்குமாருக்கு போன் போட்டான்.

“சார், வடிகட்டியைக் கழட்டிக் கழுவணும். அரை மணி நேரம் ஆவும்.” அவருடன் பேச்சு எப்போதும் தெலுங்கில்தான்.

“சீஃப் கெஸ்ட் மாலை வாங்கிட்டாராம் தரணி. அரை மணியா? கிளையண்ட் எக்ஸ்பீரியன்ஸ் என்ன ஆகும்?”

“ஃப்ளோ ஸ்விட்ச் விடமாட்டேங்குது சார்.”

“தான்னி கட்டேய்,” என்றார் பவன்குமார். தான்னி என்றால் அதை. போன் கட்டாயிற்று.

கட்டேய். தரணி பிறந்து வளர்ந்த சீமையில், தமிழோ தெலுங்கோ, கட்டு என்றால் கட்டு. மாட்டைக் கட்டு, மூட்டையைக் கட்டு, இரண்டு கம்பியைச் சேர்த்துக் கட்டு. ஃப்ளோ ஸ்விட்சின் இரண்டு கம்பியையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டிவிட்டால், தண்ணீர் ஓடுகிறது என்று மெஷின் நம்பிவிடும். லூப் போடுவது என்பார்கள். செய்யக் கூடாதது. செய்யாத வயர்மேன் கிடையாது.

கீழே நாதஸ்வரம் கேட்டது. தரணி ஆறு அங்குலம் சிவப்பு வயரை வெட்டினான். அவனுக்கு ஒரு வழக்கம்: லூப் என்றால் சிவப்பு வயர்தான், பிறகு மறக்காமல் அவிழ்ப்பதற்காக. கட்டினான். ஸ்க்ரூட்ரைவரை வெளியே எடுப்பதற்குள் மெஷின் தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டது.

தானாக ஆகாது. சித்தூரில் லேப்டாப்பில் யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.

ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியைக் குளிர்விக்கும் தட்டுகளின் மேல் அழுத்திக் கேட்டான். நல்ல மெஷின் ரீங்காரம் செய்யும். இது மூன்று நிமிடத்தில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி முனகியது. தண்ணீர் நகராமல் உள்ளேயே ஐஸாகிக்கொண்டிருந்தது. தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் தள்ளிக் குழாயில் இருந்ததால், அது எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சில பதவிகளுக்கு அந்தத் தூரம் உண்டு.

மெஷினை நிறுத்தினால் பிடித்த ஐஸ் பிடித்தபடி இருக்கும். தட்டு விரிசல் விட அது போதும். தரணி போன் போட்டான். லைன் பிஸி. இரண்டாவது தடவையும் பிஸி. யாரைக் கேட்பது என்று சுற்றிப் பார்த்தான். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் மலை. மலைமேல் இருக்கிறவரைக் கேட்க டோக்கன் வேண்டும்.

மெஷினை ஹீட்டிங்குக்கு மாற்றினான்.

உள்ளே வால்வு பெரிதாக ஒரு செருமல் செருமித் திரும்பியது. இதுவரை வெளியே போய்க்கொண்டிருந்த சூடு உள்ளே தட்டுகளுக்கு வந்தது. திருப்பதியில் யாருக்குமே வேண்டாத அந்த ஹீட்டிங், சிம்லா ஆலோசகர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து முதல்முறையாக உபயோகப்பட்டது. முனகல் ஒன்று, இரண்டு, பிறகு நின்றது. ஐஸ் விட்டது. அடைபட்டிருந்த தண்ணீர் நகர்ந்தது. கதகதப்பாக நகர்ந்து, நேராகக் கீழே ஹாலுக்குப் போனது.

கீழே தலைமை விருந்தினர், “பூமி ஒவ்வொரு நிமிடமும் சூடாகிக்கொண்டிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூரைத் துவாரங்களிலிருந்து சூடான காற்று இறங்கியது. முதல் இரண்டு நிமிடம் கூட்டம் அதைப் பேச்சின் திறமை என்றே நினைத்தது. கைதட்டியவர்களும் உண்டு. பிறகு விருந்தினரின் நெற்றிச் சந்தனம் மூக்குக்கு இறங்கியது.

தரணி மெஷினை நிறுத்தி, சிவப்பு வயரை அவிழ்த்து, வடிகட்டியைக் கழற்றினான். சிமெண்ட் கட்டி, சணல், ஒரு முழு பீடிக் கட்டு. கழுவிப் போட்டு ஓட்டியபோது மெஷின் ரீங்காரம் செய்தது. ஹாலில் அப்போது நாற்காலி அடுக்குகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றாகக் குளிர்ந்தது.

மறுநாள் சித்தூர் ஆபீஸ். பவன்குமார் ஒரு தாளை நகர்த்தினார். சம்பவ அறிக்கை. காரணம் என்ற இடத்தில் ‘லிங்விஸ்டிக் மிஸ்அலைன்மென்ட்’ என்று அடித்திருந்தது. அடியில், டெக்னீஷியன் பெயர்: தரணி.

“சைன் பண்ணு. ஒன்றும் ஆகாது. கொஞ்ச நாளைக்குப் பேனல் வேண்டாம், பைப் இழுக்கிற வேலை பார்.”

“நீங்கதானே சார் கட்டச் சொன்னீங்க?”

“நான் கட்டேய் என்றேன். எங்கள் பக்கம் லைட் கட்டேய், ஃபேன் கட்டேய் என்றால் ஆஃப் பண்ணு என்று அர்த்தம். மெஷினை ஆஃப் பண்ணச் சொன்னேன். நீ தமிழ் ஆள், தமிழில் புரிந்துகொண்டாய். தப்பு உன் மேல் இல்லை, தாய்மொழி மேல்.”

டீ வைக்க வந்த செங்கம்மா நின்றாள். “நானு தெலுங்குதான் சார். நம்மூர்ல கட்டேய்னா எருமையைக் கட்டறதுதான். ஆஃப் பண்ணா எருமை நிக்குமா?”

“செங்கம்மா, இது டெக்னிக்கல் டிஸ்கஷன்.”

“அதான் டீ ஆறுது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தரணிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. விஜயவாடாக்காரர்கள் அப்படிப் பேசுவதை அவனும் எங்கேயோ கேட்டிருக்கிறான். போனில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவரிடம் லெட்டர்பேட் இருக்கிறது. தன் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது மெஷின்தான் ஞாபகத்துக்கு வந்தது.

போனை எடுத்து, நேற்று மெஷினின் திரையை எடுத்திருந்த படத்தைக் காட்டினான். மெஷின் தன் வாழ்க்கையில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும். வரிசையாக இருந்தது: 10.46 ஃப்ளோ அலாரம். 10.52 ரீசெட், ரிமோட். 10.52 ஸ்டார்ட், ரிமோட்.

“ஆஃப் பண்ணச் சொன்னீங்க சார். சரி. ஆன் பண்ணது யாரு?”

பிரிண்டர் எதையோ நினைத்துக்கொண்டு ஒருமுறை உறுமி அடங்கியது. பவன்குமார் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

“பேப்பர் எதற்கு? மெஷின் ஓடுகிறது. சம்பவம் என்று ஒன்று நடக்கவே இல்லை, சரியா?”

“சரி சார். அந்த சர்டிஃபிகேட்?”

“அது காலையிலேயே போயிற்று. கிளையண்ட் வைஸ் பிரெசிடெண்ட் லெவலில் கேட்டார்கள்.”

தரணி டீயைக் குடித்தான். ஆறித்தான் இருந்தது. சம்பவம் நடக்கவில்லை என்றால் அங்கே ஆளும் இல்லை. கணக்கு சரிதான்.

இரண்டு நாள் கழித்து, மிச்சமிருந்த செட்டிங்குகளைப் போட அவனையே திருப்பதிக்கு அனுப்பினார்கள். மொட்டை மாடியில் திரையைப் புரட்டினான். அவனுடைய வரியும் அங்கே இருந்தது: 10.58 ஹீட்டிங், லோக்கல். லோக்கல் என்றால் மெஷின் பக்கத்தில் நின்ற ஆள். கடைசி நூறு வரிகள்தான் மெஷின் வைத்துக்கொள்ளும், புதிது வரவரப் பழையது உதிரும். ஒரு மாதத்தில் மெஷினும் மறந்துவிடும்.

செட்டிங்குகளின் கடைசிப் பக்கத்தில், ‘அலாரம் வந்தால் அழைக்க’ என்று ஒரு இடம் காலியாக இருந்தது. பெயருக்குப் பதினாறு எழுத்து. பவன்குமாரின் பதவியில் பாதிதான் அதில் அடங்கும். தரணி சுற்றும்முற்றும் பார்த்தான், பார்ப்பதற்கு ஆள் இருப்பதுபோல. தன் பெயரைப் போட்டான். கீழே நம்பரைப் போட்டான். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் பெயர் ஒரு மெஷினின் மேல் எரிந்தது, பச்சை எழுத்தில்.

அன்று வீடியோ காலில் மணியம்மாவிடம் சொல்லலாம் என்றிருந்தான். குழந்தைக்கு இன்னொரு பல் முளைத்திருந்தது. அதைப் பார்த்ததில் நேரம் போய்விட்டது.

மூன்று வாரம் போன் அடிக்கவில்லை. நாலாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தூர் வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து வந்தது.

“தரணி காரேனா மாட்லாடேதி?”

காரு, பெரியவர்களுக்குப் போடுகிற மரியாதை. தரணி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தான்தான் என்றான்.

பேசியவன் ஹோட்டல் மெயின்டனன்ஸ் ரவி. புதுசு, குண்டூர்ப் பக்கம். மாடியில் மெஷின் கத்துகிறது, திரையில் உங்கள் பேர்தான் வருகிறது, வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றான். பிறகு, “கட்டேயமண்டாரா?” என்று கேட்டான்.

ஆஃப் பண்ணவா என்கிறானா, கட்டவா என்கிறானா? குண்டூரும் அந்தப் பக்கம்தான். ஆனால் பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் துண்டு வயரோடு நிற்கிறானோ என்னவோ.

“தம்பி, எதையும் தொடாதே,” என்று தெலுங்கில் சொன்னான். “அப்படியே இருக்கட்டும். சித்தூர்லேர்ந்து நான் வரேன்.”

“ஞாயிற்றுக்கிழமை சார். சித்தூரிலிருந்தா?”

“வரேன்னு சொன்னேன் இல்ல. திரையில இன்னா பேர் போட்டிருக்குது, இன்னொரு தபா படி.”

ரவி படித்தான். தரணி அடுப்பை அணைத்து, அரிசியை மூடி வைத்து, மீட்டரையும் சிவப்பு வயர்ச் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ்ஸுக்கு நடந்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் பையை வைத்துக்கொண்டான்.