மருந்துக்கு அடங்காதது

மருத்துவமனை ஆய்வகத்தின் உள்ளறையில், காசநோய்ச் சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. பாட்டிலில் இருக்கும், மருந்து கலக்காத பச்சை நிறக் கூழில் கிருமி வளரும். மருந்து கலந்த கூழ் வெறுமையாக இருந்தால், அந்த மருந்து நோயாளிக்கு வேலை செய்யும். நாற்பதாவது நாள் காலையில் 4417ஆம் எண் பாட்டில்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மருந்து இருந்த இரண்டிலும் தவிட்டு நிறத்தில், உதிர்த்த ரொட்டித்துகள் போலக் கிருமி சொரசொரவென்று ஏறியிருந்தது.

அது அவளுடைய அண்ணனின் சளி.

அண்ணன் வெல்டர். வீட்டில் அவனுக்கு 'முரண்டு' என்றே பெயர். அவள் பள்ளி முடித்ததும், படித்தது போதும் என்றார் அப்பா. அண்ணன் சத்தம் போடவில்லை. சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். அவள் வெள்ளைக் கோட்டு போட்டது அந்த முரண்டினால்தான்.

நோய் வந்தபோதும் அவன் அவனாகத்தான் இருந்தான். இரண்டு மாத மாத்திரையில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது.

"வெல்டிங் புகையைக் குடிச்சு வளர்ந்த நெஞ்சு இது. பூச்சியெல்லாம் எப்பவோ மூட்டை கட்டிடுச்சு."

"ஆறு மாசம் முழுசா போடணும்ணே."

"வயிறு எரியுது. அப்புறம் போட்டுக்கறேன். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

அவன் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, மருந்து அட்டையில் டிக் போட வேண்டியவள் அவள்தான். தினமும் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. பார்க்காமலே டிக் போட்டாள். எத்தனை நாள் என்று, இருமல் திரும்பி வந்த பிற்பாடு எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

அறிக்கையைப் பார்த்த பெரிய டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "அரைகுறையா மருந்து போட்டா சாதுங்கதான் சாகும். முரடுங்க மிஞ்சிடும். அப்புறம் அதுங்க ராஜ்ஜியம்தான்."

அவள் தலையாட்டினாள். நோயாளி யார் என்று சொல்லவில்லை.

பிறகு ஊசிகள். ஊசி மருந்தின் பக்கவிளைவில் அண்ணனுக்குக் காது கேட்காமல் போயிற்று. கடைசி மாதங்களில் அவள் எதைச் சொன்னாலும் உதட்டையே பார்த்துச் சிரிப்பான். ஒரு மத்தியானம், சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

அவன் போன பிறகும் 4417 போகவில்லை. "இவ்வளவு முரட்டு ரகம் லேசுல கிடைக்காது. புது மருந்து வந்தா இதுமேல சோதிச்சுப் பார்க்கலாம்" என்று டாக்டரம்மா அதைச் சிறு குழாயில் அடைத்து மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் அவள் வேலைதான். ஒவ்வொரு முறையும் அது வளர்ந்தது. முகக்கவசத்துக்குள் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு வேலை செய்யும்போது, நடுவில் இன்னொரு மூச்சு இழுப்பது போலிருக்கும். கையை நிறுத்துவாள். அதுவும் நிற்கும்.

ஒருநாள் அதை அழித்துவிடுவதென்று, அந்தக் குழாயோடு, கிருமிகளை வேகவைத்துக் கொல்லும் இயந்திரத்தின் கதவு வரை போனாள். கை வரவில்லை. அண்ணனின் உடம்பில் இருந்ததில் மிச்சம் அது ஒன்றுதான்.

மறு வருஷம் அண்ணி இரும ஆரம்பித்தாள். சளியை வாங்கி வந்தவளும் அவள், பாட்டிலைப் பார்த்தவளும் அவள். அதே இரண்டு பாட்டில்கள், அதே ரொட்டித்துகள்.

அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போய், சமையலறையில் நின்றபடி சொன்னாள்.

"அண்ணன் அட்டையில நான் பொய்யா டிக் போட்டேன் அண்ணி. நாற்பத்தொரு நாள். அதுதான் இப்ப உங்ககிட்ட வந்திருக்கு."

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"குளியலறை ஜன்னலுக்கு வெளியே மாத்திரை கிடக்கும். நான்தான் பெருக்கித் தள்ளுவேன்" என்றாள். "கேட்டா தட்டைத் தள்ளிட்டு எழுந்திடுவார்னு பயம். உனக்கு பஸ், எனக்கு பயம்."

புதிய மருந்துகள் பதினெட்டு மாதம். வேலைக்குப் போகும் வழியில் தினமும் இவள் வந்து நிற்பாள். அண்ணி விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். வாந்தி எடுத்த நாட்களில், "சனியனே, என்னை விட்டுத் தொலையேன்" என்று திட்டுவாள். "திட்டுங்க. முழுங்கிட்டுத் திட்டுங்க" என்பாள் இவள். டிக் போட்ட பிறகுதான் படியிறங்குவாள்.

கடைசிச் சோதனையில் மருந்தில்லாத பாட்டில்கூட வெறுமையாக இருந்தது. அறிக்கையை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணி அதைப் படிக்கவில்லை.

"என்கிட்ட இருந்தது செத்துடுச்சு. அவருது?"

"ஃப்ரீசர்ல இருக்கு."

"உயிரோடயா?"

"ம்."

அண்ணி தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குக் குளிர் ஆகாதே" என்றாள்.