கச்சான் விற்காத நாடகம்

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஆனபடியால் எங்கள் நாடகங்களெல்லாம் பின்னேர வெயிலில்தான். போன மாதம் என்னுடைய புது நாடகம், இன்று மரியநேசனுடையது. முடிவில் நயந்து பேச என்னைக் கேட்டிருந்தார்கள். சரக்கைப் பிரிக்காமலே குறை சொல்லி விலை இறக்கிப் பழகிய வியாபாரி நான். சட்டைப்பையில் எட்டுக் குறைகள், நாடகம் தொடங்க முன்னமே எழுதியவை.

கடைசிக் காட்சியில் பார்த்தால் சனம் மூச்சுக் காட்டவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நிலக்கடலை கொறித்துச் சத்தம் கிளப்பலாமென்று, பக்கத்தில் கடகப் பெட்டியும் கடதாசிச் சரைகளுமாய் இருந்த கச்சான்காரி கிறேசைச் சுரண்டினேன்.

"ரெண்டு சரை தா, பிள்ளை."

"பேசாமல் இருங்கோ அண்ணை! தாய்க்காரி கடிதத்தை உடைக்கப் போறா."

நானும் மேடையைப் பார்த்தேன். தாய் கடிதத்தைப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டாள். நாடகம் முடிந்தது. இப்படியொரு முடிவு எனக்கு ஏன் வரவில்லை?

மேடைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிய தாளை எடுக்கக் கை போகவில்லை.

"நல்ல நாடகம்," என்றேன், பல்லைக் கடித்தபடி. "கிறேசுக்கு ஒரு சரைகூட விற்கவில்லை."

"ஓம் அண்ணை," என்று அவள் கீழேயிருந்து கத்தினாள், "உங்கடை நாடகத்துக்கு ரெண்டு கடகம் கச்சான் முடிஞ்சுது!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மரியநேசன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.