பேத்தமங்களா மூலை

ஃப்ளோராவுக்கு ஸ்னூக்கர் என்றாலே எரிச்சல். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் ஆஸ்டின் சனிக்கிழமைகளைக் கோலார் தங்க வயல் கிளப்பில்தான் கழித்தான். சாப்பிடக் கூப்பிட அவள்தான் போய் ஜன்னலோரம் நிற்க வேண்டும். "இந்த ஒரு ஷாட்டு" என்பான். அந்த ஒரு ஷாட்டில் குழம்பு ஆறிப்போகும்.

அந்தக் கிளப் மேசை சாய்ந்த மேசை. ஊருக்கு அடியில் தங்கத்துக்காகக் குடைந்த பூமி. எப்போது எந்தப் பக்கம் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கிளப்பின் தரை பேத்தமங்களா ஏரி இருக்கும் திசையில் இறங்கியிருந்தது. மெதுவாகத் தட்டிய பந்தெல்லாம் கடைசி நேரத்தில் மனசு மாறி அந்தப் பக்கம் ஒதுங்கும். அந்த மூலைப் பாக்கெட்டுக்குப் பேத்தமங்களா மூலை என்றே பெயர். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் இங்கே வந்து மண்ணைக் கவ்வுவான். உள்ளூர்க்காரன் வெளியே போனால் அங்கே கவ்வுவான். தொழில்முறைச் சுற்றில் சேருவதற்கான தகுதிப் போட்டிக்கு ஆஸ்டின் இரண்டு முறை போய் அப்படித்தான் திரும்பி வந்தான். நேரான மேசையில் அவன் கை கோணலாக அடித்தது.

"இன்னொரு வாட்டிதான். இதுலயும் தோத்தா அந்தக் குச்சி பீரோ மேல போவணும். அப்பறம் எறக்கவே கூடாது" என்றாள் ஃப்ளோரா. ஆஸ்டின் சத்தியம் செய்தான்.

அடுத்த நாளே கிளப் செயலாளர் தசரதனிடம் போய் நின்றான். பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர் அவர். மேசையை நேராக்க வேண்டும் என்றதும் ஏதோ கடையை எழுதிக் கேட்டதுபோல் பதறிப்போனார்.

"இன்னா ஆஸ்டின், நேராக்கிட்டா நாங்கல்லாம் எங்க போயி ஆடறது? இந்தச் சாய்வ நம்பித்தான் பங்காருபேட்டைக்காரனுங்கள ஜெயிச்சிக்கினு கீறோம்."

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு உடன்பாடு வந்தது. சனி, ஞாயிறு காலைகளில் தசரதனின் வேன் ஜாக்கியை வைத்து அந்த மூலையைத் தூக்கி, காலுக்கு அடியில் கட்டை கொடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் உறுப்பினர்கள் வருவதற்குள் கட்டையை எடுத்துவிட வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆஸ்டின் மேசைக்கடியில் படுத்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிரீஸ் கையோடு வந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தான். மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமோ என்று ஃப்ளோராவுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் கை நேராகிவிட்டது.

பெங்களூரில் ஒரு பெரிய மாலின் மாடியில் போட்டி. ஒவ்வொருவராகத் தோற்கடித்து ஆஸ்டின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டான். இதில் ஜெயித்தால் தொழில்முறைச் சுற்றில் இடம், தோற்றால் பீரோ. கடைசித் தோல்வியையாவது நேரில் பார்ப்போமே என்று ஃப்ளோரா முதல் முறையாகக் கூட வந்தாள். எதிரே ஆடியவன் விவேக், காலேஜ் மாணவன். இந்த ஆட்டத்துக்கென்று ஹாலின் நடுவில் புது மேசை போட்டிருந்தார்கள்.

ஐந்து ஃப்ரேம் ஆட்டத்தில் முதல் இரண்டும் விவேக்குக்குப் போயின. அதற்குப் பிறகுதான் ஃப்ளோரா கவனித்தாள். விவேக் மெதுவாகத் தட்டிய ஒரு சிவப்புப் பந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் மனசு மாறி ஒதுங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் புத்தியை ஜன்னல் வழியாக எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். ஆஸ்டினும் பார்த்துவிட்டான். குனிந்து மேசை விளிம்பை நோட்டம் விட்டான். பிறகு அவளைப் பார்த்து மூக்கைச் சொறிந்தான். ஒரு வருஷம் பாடுபட்டு மறந்ததை ஒரே நிமிஷத்தில் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தான்.

அப்புறம் அவன் வேறு ஆள். வளைந்து போகும் பந்துகளை வீட்டு நாய்களைக் கூப்பிடுவதுபோல் பாக்கெட்டுக்குக் கூப்பிட்டான். விவேக் தன் கியூக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு ஆனது. டியூப்லைட் மாட்டத் தெரியாத இந்த மனுஷனா இவன் என்று ஃப்ளோராவுக்குப் பெருமை பொங்கியது.

"ரொம்ப நல்லா ஆடறாரே, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரர்ங்க" என்றாள் ஃப்ளோரா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த மேசையும் எங்க ஊரு மேசையாட்டமே சாஞ்சி கீதுங்க. பாருங்களேன், பந்து அந்தப் பக்கமே போவுது. இவரு அதுலயே ஆடி வளந்தவரு. அந்தப் பையன்தான் பாவம், ஒண்ணும் புரியாம முழிக்குது."

"அது என் பையன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து நேராக நடுவரிடம் போனார்.

நடுவர் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. ஆட்கள் வந்து மேசைக் காலைத் திருகி நேராக்கினார்கள். முடிந்ததும் நடுவர் அவள் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு மைக்கை எடுத்து, தவறைக் கண்டுபிடித்துச் சொன்ன கேஜிஎஃப் ஃப்ளோரா அவர்களுக்கு நன்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கியூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்டினும் தட்டினான். ஃப்ளோராவுக்கு அந்த மாடியிலிருந்து அப்படியே கீழே இறங்கி ஏதாவது சுரங்க ஷாஃப்ட்டுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

கடைசி ஃப்ரேம் கறுப்புப் பந்தில் வந்து நின்றது. அதைப் போடுபவனுக்கு இடம். பாக்கெட் வாயருகே நிற்கும் பந்து, முறை ஆஸ்டினுடையது. குனிந்தான். நேராக அடிப்பதா, சாய்த்து அடிப்பதா என்று கை ஒரு நொடி யோசித்தது. ஃப்ளோரா கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். கறுப்புப் பந்து பாக்கெட்டின் உதட்டில் இடித்துத் திரும்பி வந்தது. விவேக் அதைப் போட்டான்.

சாயங்கால ரயிலில் குச்சிப் பெட்டி இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. ஆஸ்டின் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ சொன்னது நல்லதாப் போச்சி. எனக்கும் உறுத்திக்கினேதான் இருந்துச்சி" என்றான் அவன். "வூட்டுக்குப் போனதும் இத பீரோ மேல போட்டுடறேன்."

பங்காருபேட்டை வந்ததும் ஃப்ளோரா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போடாதீங்க" என்றாள். "காலைல கட்ட வெச்சி ஆடுங்க, சாயங்காலம் கட்ட இல்லாம ஆடுங்க. ரெண்டும் பழகட்டும்."

ஆஸ்டின் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் நான் அந்தம்மா பக்கத்துல உக்கார மாட்டேன்" என்றாள் ஃப்ளோரா.