அஞ்சுகம் பிழைத்த கொட்டகை

எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் படித்த எதையும் அவர் நம்பியதில்லை. அவர் முழுசாக நம்பியது ஒரே ஒரு சினிமாவை. சுவரொட்டியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் 'நம்ம படம்' என்றால் போதும். எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் அப்பா துரைக்கண்ணு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற நல்ல விவசாயி, பேச்சில் கெட்டிக்காரர், 'நம்ம படம்' என்று அவர் ஆரம்பித்துவிட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கதை இவ்வளவுதான். அஞ்சுகம் என்று ஒருத்தி. புருஷன் சூதாடுவான், வீட்டுக்கு வந்து அவளைப் போட்டு அடிப்பான். மாமியார் கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பாள். அஞ்சுகம் எருமைமாடு மாதிரி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாயில் படுத்துப் பாட்டு வேறு பாடுவாள். கடைசியில் ஒரு மழையில் அந்தப் புண்ணியவான் ஓடி வந்து அவள் காலில் விழுந்து கதறுவான். அவள் அவனைத் தூக்கி நிறுத்திச் சிரிப்பாள். 'சுபம்' என்று போட்டு, மணியடித்து, விளக்கை ஏற்றிவிடுவார்கள்.

முதன்முதலில் அதைத் திண்டிவனம் டெண்டுக் கொட்டகையில் பார்த்தோம். எனக்கு அப்போது பத்து வயது, தங்கச்சி கிருஷ்ணவேணிக்கு ஆறு. பெருமுக்கல்லில் மாமா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தோம். அப்பா கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து அம்மாவையும் எங்களையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். பெருமுக்கல்லிலிருந்து எங்கள் ஊருக்கு வரத் திண்டிவனம் போக வேண்டியதே இல்லை. அப்பா வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். சினிமா என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். மடியில் சூடாக மல்லாட்டை. ரீல் மாற்றும்போதெல்லாம் முறுக்கு விற்கிறவன் எங்கள் காலை மிதித்துக்கொண்டு போனான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். படம் விட்டதும் அப்பா கை கொடுத்து அவளை வண்டியில் ஏற்றினார். அப்படி அவர் செய்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சாமி வந்து சின்ன வயசில் ஒரு நாளைத் திருப்பித் தருகிறேன் என்றால் அந்த நாளைத்தான் கேட்பேன் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெண்டுக்காரர் அந்தப் படத்தின் பழைய பிரிண்டு ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி வைத்திருந்தார். புதுப் படம் கிடைக்காதபோதெல்லாம் அதை ஓட்டுவார். ஓட்டும்போதெல்லாம் நாங்கள் போவோம். தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அது புதுப் படத்தில் வராது. மாமியார்க்காரி கரண்டியைக் காய்ச்சும்போது நாம் அழுதுகொண்டே மல்லாட்டை தின்னலாம். கடைசியில் அவன் காலில் விழப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அஞ்சுகத்துக்குத்தான் தெரியாது.

வீட்டிலும் அதே விளையாட்டுதான். விறகுக்கரியால் மீசை வரைந்துகொண்டு நான் புருஷன், வேணி அஞ்சுகம். அடி வாங்குகிற வேஷத்துக்கு இவளை விட்டால் ஆளில்லை என்று தெருவே சொல்லிச் சிரித்தது.

அப்புறம் என்னை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. வேணியைக் கண்டமங்கலம் சுப்பராயலுவுக்குக் கொடுத்தார்கள். நிலம் நீச்சு உள்ள குடும்பம். "புதுச்சேரி கூப்பிடு தூரத்துல இருந்தும் மாப்ள ஒரு சொட்டு தொடறதில்ல. சீட்டு கெடையாது. பீடிகூடக் கெடையாது" என்று அப்பா போகிற இடமெல்லாம் பெருமை பேசினார். எல்லாம் நிஜம்தான். பெண்டாட்டிமேல் கை நீட்டுவது மட்டும் உண்டு.

அறுபத்து நாலாம் வருஷம், தைக்கு அப்புறம், வேணி தனியாகப் பஸ் ஏறி பிரம்மதேசத்துக்கு வந்துவிட்டாள். இடது காதில் அடித்த அடியில் அந்தக் காது கேட்கவில்லை. வலது பக்கம் போய் நின்று பேசினால்தான் திரும்பிப் பார்ப்பாள். அப்பா வைத்தியரிடம் அழைத்துப் போனார், எண்ணெய் வாங்கிக் கொடுத்தார், மடியில் தலையை வைத்துத் தானே காதில் ஊற்றினார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஊற்றி முடித்ததும், "அஞ்சுகம் என்னாம்மா பண்ணா? பொறுத்துக்கினா இல்ல? கடசீல யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். வேணி வலது காதையும் கையால் மூடிக்கொண்டாள். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சமயம் பார்த்தா அந்தப் படம் விழுப்புரத்துக்கு வர வேண்டும்! கம்பெனி புதுப் பிரிண்டு போட்டு மறுபடி வெளியிட்டிருந்தது. "படப் பொட்டி காலைல பார்சல்ல வந்துது" என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். ஊருக்குப் போன ஒருத்தரிடம் நான் அதை வாய் தவறிச் சொல்லிவிட, அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். குடும்பத்தோடு எல்லோரும் பார்ப்பது. கண்டமங்கலத்திலிருந்து மாப்பிள்ளையும் வந்துவிடுவார். படம் விட்டு வெளியே வரும்போது வேணியின் மனசு கரைந்திருக்கும்; அப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிடுவது. அதற்காக அவள் துணிமணி, மாப்பிள்ளைக்குப் புது வேட்டி, ஒரு மூட்டை வறுத்த மல்லாட்டை எல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுவந்து, தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தார். வேணி பெட்டியைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் போவ மாட்டேன்க்கா. என்னை அனுப்பிடாதீங்க" என்றாள்.

"அப்பாகிட்டச் சொல்றதுதானே?" என்றேன்.

"சொன்னேன். மொதல்ல படத்தைப் பாருன்றாரு."

சேர் டிக்கெட். வாழ்நாளில் அப்பா அவ்வளவு செலவு பண்ணிப் படம் பார்த்ததில்லை. வேணிக்கு இடது பக்கம் மாப்பிள்ளையை உட்கார வைத்தார். கேட்காத காதுப் பக்கம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். கரண்டி காய்வதற்கு முன்பே அம்மாவின் முந்தானை வாய்க்குப் போய்விட்டது. மாப்பிள்ளைக்குத்தான் படம் புதுசு. அஞ்சுகத்தை முதல் அடி அடித்தபோதே "அடப்பாவி" என்றார். மாட்டுக் கொட்டாய் பாட்டுக்குக் கைக்குட்டையை எடுத்தார். அப்பா இருட்டில் என் பக்கம் குனிந்து, "பார்த்தியா, எப்படி அழுவறாரு. தங்கமான மனசு" என்றார்.

மழை வந்தது. அவன் ஓடி வந்தான். காலில் விழுந்தான். அவள் தூக்கினாள், சிரித்தாள். அப்பா ஒரு பெருமூச்சோடு எழுந்து, துண்டை உதறி, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "பார்த்தீங்களா? பொறுமை! இதான் நான் சொன்னது!" என்றார்.

"யோவ் பெரியவரே, உக்காருய்யா! படம் ஓடிக்கினு இருக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முடிஞ்சிச்சிப்பா" என்றார் அப்பா அதிகாரமாக. "நாங்க இதை எத்தினியோ வாட்டி பார்த்தவங்க."

"நீ பார்த்தது இருக்கட்டும். மறைக்காத, உக்காரு!"

அப்பா திரும்பித் திரையைப் பார்த்தார். மழையைக் காணோம். புருஷனைக் காணோம். அஞ்சுகம் அதே மாட்டுக் கொட்டாயில் காய்ச்சலில் கிழிந்த பாயில் கிடந்தாள். கண்ணைத் திறந்து, "வந்துட்டீங்களா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள். வாசலில் ஒரு கன்றுக்குட்டிதான் நின்றது. அவன் வந்தது, விழுந்தது, அவள் சிரித்தது எல்லாம் அவள் காய்ச்சலில் கண்டது. அவன் அப்போதும் சூதாட்டத்தில்தான் இருந்தான். அவள் செத்து, தூக்கி, நெருப்பு வைத்தபிறகுதான் வந்து சுடுகாட்டு மண்ணில் புரண்டான். அதற்கும் ஒரு பாட்டு இருந்தது. அப்பா பாதி நின்று பாதி உட்கார்ந்த நிலையிலேயே அதைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானை மடியில் கிடந்தது. அவள் அழவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் தேம்பிக்கொண்டு வந்தார்.

"என்னா பொம்பள மாமா அவ! தெய்வம்! அந்தப் படுபாவிய கட்டையாலயே போட வேணாம்?" என்று மூக்கைச் சிந்தினார். அப்படியே வேணியின் இடது பக்கமாகத் திரும்பி, "ஏய், பொட்டியத் தூக்கு. பஸ்ஸு போய்டும்" என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றேன், திமிரா நிக்கிறியா?" கை தன்னால் மேலே போனது. நனைந்த கைக்குட்டை இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

நான் பாய்ந்து வேணியை என் பக்கம் இழுத்தேன். அதற்குள் அம்மா போய் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சைக்கிள் எடுக்க வந்த கூட்டம் அப்படியே நின்றது.

"இந்தப் பொட்டி எங்கியும் போவாது" என்றாள்.

"பாஞ்சாலி, எழுந்திரு. நாலு பேரு பாக்கறாங்க" என்றார் அப்பா.

"பாக்கட்டும். உள்ளயும் அத்தினி பேரும் பார்த்துக்கினுதானே இருந்தாங்க." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "எங்க அண்ணன் வூட்டுக்கு வண்டி கட்டிக்கினு வந்தீங்களே, ஞாபகம் இருக்குதா? நான் வர மாட்டேன்னு சொன்னேன். ஊருக்குப் போற வண்டிய திண்டிவனத்துக்குத் திருப்பினீங்க. படத்தைப் பார்த்துட்டு சரின்னு ஏறி உக்காந்தேன். இந்தக் கடசி ரீலையும் அன்னிக்கே காட்டியிருந்தா, புள்ளைங்க ரெண்டையும் இழுத்துக்கினு பெருமுக்கல்லுக்கு நடந்தே போயிருப்பேன்."

பள்ளிக்கூடம் இருந்த நாளில் மாமா வீட்டுக்கு ஏன் போனோம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மாவின் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றார்கள். சாமியிடம் திருப்பிக் கேட்பேன் என்று நான் வைத்திருந்தது அந்த நாளைத்தான். கை கொடுத்து ஏற்றிய அதே கை! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்பா தோள் துண்டைச் சரிசெய்தார். "அந்த டெண்டுக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"என்னைத்தான் ஏமாத்தினான். உங்களுக்கு என்னா நஷ்டம்?" என்றாள் அம்மா.

அப்பா பெட்டியைப் பார்த்தார், வேணியின் இடது காதைப் பார்த்தார். வேணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மாப்ள, நீங்க பஸ்ஸப் புடிங்க."

"அப்ப பொட்டி?" என்றார் மாப்பிள்ளை. புது வேட்டி விஷயம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

"பொட்டி எங்களோட வருது."

என் வீட்டுக்காரர் பிறகு விசாரித்துக்கொண்டு வந்தார். டெண்டுக்காரரின் பிரிண்டில் கடைசி ரீல் ஏதோ ஓர் ஊரில் தீப்பிடித்துக் கருகிவிட்டதாம். முதல் நாள் சமாளிப்பதற்கு 'சுபம்' சிலைடைப் போட்டு ஆட்டத்தை முடித்திருக்கிறார். மறுநாள் பொம்பளைக் கூட்டம் இரண்டு மடங்காக வந்ததாம். அப்புறம் அந்த ரீலை வாங்கவே இல்லை. தர்மப்பிரபு!

வேணி போகவில்லை. பிரம்மதேசத்திலேயே இருந்து, தினமும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய்த் தையல் கற்றுக்கொண்டாள். கண்டமங்கலத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. இரண்டு தடவையும் அப்பா மோர் கொடுத்து அனுப்பினார், பெண்ணை அனுப்பவில்லை. 'நம்ம படம்' என்ற பேச்சே வீட்டில் நின்றுபோனது.

அடுத்த வருஷம் மல்லாட்டை எடுத்த சமயம் நான் ஊருக்குப் போயிருந்தேன். திண்டிவனம் டெண்டில் மறுபடி அந்தப் பழைய பிரிண்டு ஓடுகிறது என்று தெருவில் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அப்பா உரம் விலை கேட்டுவரப் போவதாகச் சொல்லிச் சட்டை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். உரக்கடை எத்தனை மணிக்கு மூடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மா அவருக்குக் கேப்பைக் கூழ் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"அஞ்சுகம் பொழைச்சிக்கினாளா?"

அப்பா குனிந்தபடியே, "பொழைச்சிக்கினா" என்றார்.

"அவன் கால்ல வுழுந்தானா?"

"வுழுந்தான்."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அப்பா தலையைத் தூக்கவில்லை.

"கூழு ஆறுது. குடிங்க" என்றாள்.