அலமாரிக்குள் துப்பறிவாளர்

பக்கவாதம் வந்து என் நைனாவுக்கு வலது கைகாலும் பேச்சும் போன பிறகு, எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடியது ஒரே ஒரு ஸ்பானியப் படம்தான்.

தமிழ்ப் படம் போட்டால் பத்து நிமிடத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வசனம் காதில் விழுகிறது, பிடிபடவில்லை என்றார் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிமோட்டில் கை தவறிப் பட்டு இந்தப் படம் ஓட ஆரம்பித்தது. தொப்பை வைத்த தனியார் துப்பறிவாளர் ஒருவர், தவறான பெண்ணைப் பின்தொடர்ந்து போய்ச் சாக்கடையில் விழுகிறார். நைனா சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள்.

எங்கள் மூவருக்கும் அதில் ஒரு சொல்கூடப் புரியாது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் சமம்.

அசிங்கமான படம்தான். பாதி நேரம் கக்கூஸில் நடக்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நிறுத்தச் சொன்னதில்லை.

துப்பறிவாளர் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று வரும். வெளியே ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவரால் அடக்க முடியாது. கால்சட்டை நனைந்து, கதவிடுக்கில் ஈரம் வழியும். கதவைத் திறந்து எல்லோரும் பார்ப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி இடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்வார். அங்கேதான் நைனா மூச்சு முட்டச் சிரிப்பார். கண்ணில் நீர் கொட்டும்.

யார் பார்க்க வந்தாலும் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டினோம். திருமழிசை லேத் பட்டறையில் நைனாவோடு இருபது வருடம் நின்ற ஜெகதீசன் வந்தபோதும்.

"இன்னா வேம்புலி, இந்தச் சிரிப்பு சிரிக்கிற. நான் ஜோக்கு சொன்னா மட்டும் மூஞ்ச தூக்கி வெச்சிக்குவ" என்றார் ஜெகதீசன். என் பக்கம் திரும்பினார். "இன்னொரு வாட்டி போடு கண்ணு."

போட்டேன்.

"ஆளு தேறிக்கினு வரான். ஆடி முடியறதுக்குள்ள பட்டறைக்கு வந்துடுவான் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நம்பினோம்.

உடற்பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லியிலிருந்து ஜெபா என்ற பெண் வாரத்தில் மூன்று நாள் வருவார். ஒரு நாள் அவர் வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா சார் இதைப் போடுறீங்க?"

"மூணு மாசமா. இதுக்கு மட்டும்தான் சிரிக்கிறாரு."

என்னை வாசல் பக்கம் கூட்டிப்போனார். "இந்த நோயில சில பேருக்குச் சிரிப்பும் அழுகையும் அவங்க கையில இருக்காது சார். உள்ள அழுதாக்கூட வெளிய சிரிப்பா வரும். அப்பாவுக்கும் அப்படித்தான்னு நான் சொல்லல. வேணுமா வேணாமான்னு அவரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சிரிக்கிறவரிடம் அதை யார் கேட்பார்கள்?

"ரிமோட்ட அவரோட இடது கையில குடுத்துப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலையில் நைனாவுக்கு டயப்பர் மாற்றினேன். தினமும் செய்வதுதான். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் கவனித்ததில்லை.

படத்தை அலமாரி இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து ஓடவிட்டேன். ரிமோட்டை அவர் இடது கையில் வைத்து, நிறுத்தும் பொத்தானை விரலால் தொட்டுக் காட்டினேன்.

துப்பறிவாளர் அலமாரிக்குள் நுழைந்தார். நைனா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அவர் கட்டைவிரல் பொத்தான்களின் மேல் தடவித் தேடியது. சத்தம் கூடியது. இன்னும் கூடியது. அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். திரையில் அலமாரிக் கதவு திறக்கப் போகும் நேரத்தில் படம் அணைந்தது.

நைனாவின் சிரிப்பு நிற்கவில்லை. கறுத்துக் கிடந்த டிவிக்கு முன்னால் தோள் குலுங்க வெகுநேரம் சிரித்தார். வெளியே தண்ணீர் லாரி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது.

சிரிப்பு மெல்ல அடங்கியது. ரிமோட்டை விட்டுவிட்டு, இடது கையால் போர்வையை இழுத்து இடுப்பை மூடினார். வலது பக்கம் எட்டவில்லை. மறுபடியும் இழுத்தார்.

அந்தப் பக்கத்தை நான் இழுத்துவிட்டேன்.